ஐம்பத்திரண்டாவது மடிப்பு

“முப்பத்தாறு” என்றார் வெண்கலம்.

மடிப்பக்கா துணியின் அடுத்த பட்டையை இரு கைகளாலும் தூக்கி, முந்தைய மடிப்பின் மேல் சரித்து, விளிம்போடு விளிம்பு சேரும்படி உள்ளங்கையால் நீவினாள். சுருக்கம் இல்லையென்று விரல் நுனிக்குத் தெரிந்த பிறகு ஈயக்குண்டுப் பை ஒன்றை அதன் மேல் வைத்துத் தலையை ஆட்டினாள்.

“முப்பத்தேழு.”

நாற்பது மீட்டர் நீளத்துக்கு மேசை. அதன் மேல் வெள்ளையும் ஆரஞ்சும் மாறி மாறி வந்த பாராசூட் துணி கிடந்தது. மனிதர்களோடு வானத்திலிருந்து திரும்பிவரும் விண்கலத்தைக் கடைசி மூன்று கிலோமீட்டரில் பிடித்து நிறுத்துவது அதுதான். கலத்துக்கு மூன்று பாராசூட், ஒவ்வொன்றிலும் எண்பது பட்டை, எண்பது மடிப்பு. மடிக்கிறவர் வாயே திறக்கக் கூடாது. எண்ணுகிறவர் எண்ணைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது. எண்ணிக்கையில் துளி சந்தேகம் வந்தாலும் அத்தனையையும் பிரித்துப் போட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். தும்மல், விக்கல், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தக் கூடத்துக்குள் வர வேண்டும் என்று அங்கே வேலை செய்த அறுபத்திரண்டு பேரும் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பதினாறு வருடமாக மடிப்பதால் அவள் மடிப்பக்கா. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் எண் தெளிவாகக் கேட்கும் குரல் என்பதால் அவர் வெண்கலம். வீட்டில் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தன.

“நாற்பத்தொன்று” என்று அவர் சொன்னபோது கதவு திறந்தது. எண்ணிக்கை நடக்கும்போது யாரும் கதவைத் திறப்பதில்லை. உள்ளே வந்தவர் சூப்பர்வைசர். அதைவிட அதிர்ச்சி, அவர் காலில் ஷூ இருந்தது. தெருவில் நடந்த ஷூ, ஓரத்தில் மண்ணோடு. தரைத்துடைப்பான் பிடித்து நின்ற பெண் வாயில் கை வைத்தாள். இந்தத் தரையில் ஒரு மணல் துகள் கிடந்தாலே அன்றைய வேலையை நிறுத்திவிடும் ஆள் அவர்.

“நிறுத்துங்க” என்றார்.

மடிப்பக்கா துணியைக் கையில் பிடித்தபடியே அவரைப் பார்த்தாள். வெண்கலம்தான் கேட்டார். “எத்தனைல சார் நிறுத்த? அம்பது வரைக்கும் போயிட்டா நிறுத்த வசதியா இருக்கும்.”

“எங்க இருக்கோ அங்கயே. கைல இருக்கறதைக் கீழ வைங்கம்மா. எல்லாரும் கேன்டீனுக்கு வாங்க. டிவில சொல்லப் போறாங்க.”

“என்ன சொல்லப் போறாங்க?”

அவர் அதற்குள் திரும்பி நடந்தார். வெள்ளைத் தரையில் ஷூ அடையாளம் வரிசையாகப் பதிந்து கிடந்தது. துடைக்கிற பெண் துடைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

கேன்டீன் டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தார். மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் நாட்டின் திட்டம் பல கோணங்களில் ஆராயப்பட்டு இன்றோடு முடித்துவைக்கப்படுகிறது. நான்காவது பயணம் நடைபெறாது. இதில் உழைத்த அனைவருக்கும் நாடு கடமைப்பட்டிருக்கிறது. தாளை மடித்தார். மடித்த விதமே சரியில்லை என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது. அதற்குள் டிவியில் விளையாட்டுச் செய்தி வந்துவிட்டது.

அறுபத்திரண்டு பேரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னது, அவ்வளவுதானா?” என்றாள் மிஷின்காரி. கயிறுகளைத் துணியோடு சேர்த்துத் தைக்கிறவள். வாய் அவள் ஊசியைவிடக் கூர்மை. “காரணமே சொல்லலையே?”

“பல கோணங்களில் ஆராய்ந்துன்னாங்களே.”

“கோணம் கிடக்கட்டும். காரணம் எங்க?”

சூப்பர்வைசர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். அரசின் முடிவால் மூடப்படும் பிரிவுகளின் ஊழியர்கள் அனைவருக்கும் வேறு துறைகளில் மாற்று வேலை தரப்படும் என்ற வரியை மெதுவாக, இரண்டு முறை வாசித்தார். வேலைக் குறைபாட்டால் மூடப்படும் பிரிவுகளுக்கு இது பொருந்தாது என்ற அடுத்த வரியை மூச்சு விடாமல் ஓட்டினார். முதல் வரியிலேயே பாதிப் பேருக்கு உயிர் திரும்பியிருந்தது. இரண்டாவதை யார் கேட்டார்கள்?

ஆனாலும் பேச்சு காரணத்தைச் சுற்றியே வந்தது. இந்தக் கூடத்தில் வேலை நின்றால் அதற்கு ஒரு தப்பு இருக்கும். தப்பைத் தேடுவார்கள், கண்டுபிடிப்பார்கள், சரிசெய்வார்கள், வேலை மறுபடி தொடங்கும். வேறு விதமாக வேலை நின்று அவர்கள் யாருமே பார்த்ததில்லை. போன வருடம் தன் தையல் ஊசி ஒன்றைக் காணவில்லை என்று ஒருவன் தானாகவே போய்ச் சொன்னான். மூன்று நாள் வேலையைப் பிரித்து ஊசியைத் தேடி எடுத்தார்கள். திட்டவில்லை, அவனுக்குக் கைதட்டினார்கள். ‘தவறைத் தானே சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை’ என்று கூடத்தின் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது வெறும் அலங்காரம் இல்லை.

“எங்க நூல்தான் காரணமோ?” என்றான் நூல் சோதிக்கிறவன்.

“மடிச்ச துணியைப் பிரஸ்ல வச்சு அழுத்தும்போது எண்ணெய் கசிஞ்சுதே, அதுவா இருக்குமோ?” என்றார் இன்னொருவர்.

ஆளாளுக்குத் தன் மேசையைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். மடிப்பக்கா மட்டும் தன் மேசையைச் சொல்லவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

எட்டு மாதம் முன்பு, மூன்றாவது பயணத்துக்கான இரண்டாம் பாராசூட். அன்று மாலை அவள் வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷன். ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நாலேகாலுக்கு, ஐம்பதைத் தாண்டிய நேரத்தில், வெண்கலத்துக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இருமி முடித்தபோது அடுத்தது ஐம்பத்திரண்டா ஐம்பத்துமூன்றா என்று அவர் கண்ணில் கேள்வி நின்றது. பிரித்துப் போட்டு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து, “அம்பத்திரண்டு அண்ணே” என்றாள். கைக்குத் தெரியும் என்று நினைத்தாள். அவரும் ஐம்பத்திரண்டு என்றார். எண்பதில் முடிந்தது; இரண்டு பட்டை ஒரே மடிப்பாகப் போய், எண்ணும் ஒன்று தாண்டியிருந்தாலும் எண்பதில்தான் முடிந்திருக்கும். ஐந்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பயணம் முடிந்து கலம் இறங்கியபோது அந்த இரண்டாம் பாராசூட் மற்ற இரண்டையும்விட ஒன்றரை விநாடி தாமதமாக விரிந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மடிப்பக்காவுக்கு மட்டும் அந்த ஒன்றரை விநாடி மனதை விட்டுப் போகவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அவள் கணவர் முன்னறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக். வேலைக்கும் வாய்க்கும் சம்பந்தம் இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்.

“என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட? எல்லாரும் மொத்தமா மேலேயே போயிட்டாங்களா?”

“மூடிட்டாங்க” என்றாள்.

“எதை?”

“எல்லாத்தையும்.”

அவர் கையை வெளியே எடுத்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டிவியில் சொன்னதையும், சொல்லாமல் இருந்ததையும், ஐம்பத்திரண்டையும் கொட்டித் தீர்த்தாள். ஆபரேஷன் நாள் என்று வந்தபோது அவர் தன் வயிற்றின் தழும்பை ஒரு தரம் தொட்டுக்கொண்டார்.

“ஒரு மடிப்புக்காக ஒரு நாடே கடையைச் சாத்திட்டுப் போகுமா? உனக்கு ரொம்பத்தான் நினைப்பு” என்றார், சிரிக்கப் பார்த்து.

“அப்போ ஏங்க சாத்தினாங்க?”

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

“ஓடிட்டிருந்த ஃபிரிட்ஜ் நின்னு போச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னு பார்க்காம கையைக் கழுவிட்டு எழுந்து போவீங்களா? எங்கயோ ஒண்ணு போயிருக்கும்ல? அதைச் சரிபண்ணினா ஓடும்ல?”

“ஓடும்…”

“அதான் சொல்றேன்.”

“இந்தா பாரு” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “மாத்து வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்க. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

அவள் சும்மா இருக்கப் பார்த்தாள். நாலு நாள் இருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் விரல்கள் தன்னால் எண்ணின. மூன்று பயணத்திலும் சேர்த்து ஏழு பேர் அந்தத் துணியை நம்பி வானத்திலிருந்து விழுந்திருக்கிறார்கள். தான் ஒரு வார்த்தை சொன்னால் தப்பைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குவார்களே, அறுபத்திரண்டு பேரும் வேறு வேறு ஊருக்குச் சிதறிப் போக வேண்டாமே என்பதுதான் அவள் நெஞ்சில் இருந்தது. பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை.

ஐந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கூடத்தை மூடுவதற்கு அறிக்கை எழுத வேண்டுமாம். சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். “குறை ஏதாவது உண்டான்னு கேட்டார், இல்லைன்னேன்” என்றாள் மிஷின்காரி. “அந்த ஆளுக்கே தூக்கம் வருது.”

மடிப்பக்கா போனபோது அவர் முன்னால் அச்சடித்த படிவம் இருந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது, ஒன்றைத் தவிர. ‘நிறுத்தத்துக்கான காரணம்’ என்பதற்கு நேராக வெறும் வெள்ளை.

“குறை ஏதாவது?” என்றார், தலை நிமிராமல்.

“இருக்கு சார்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு முதல் முறையாக அவளைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். டீ வரச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் இருந்த அலுப்பு ஒவ்வொரு படியாக இறங்கியது. நல்ல மனிதர், நிதானமாகக் கேட்கிறாரே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

“இதை உங்க கைப்பட எழுதிக் குடுக்க முடியுமா?”

“குடுக்கறேன் சார். குடுத்தா மறுபடி ஆரம்பிப்பாங்களா?”

“காரணம் தெரியாம எதையும் செய்ய முடியாதில்லம்மா?” என்றார் அவர்.

அது பதில் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் எழுதினாள். வெண்கலத்தின் இருமலை எழுதவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதரை எதற்கு இழுப்பது? ‘எண்ணிக்கை தவறியது என் கவனக்குறைவு’ என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் கூடத்துக்கு வந்தபோது அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி இல்லை அது.

‘பாராசூட் பிரிவில் நிகழ்ந்து மறைக்கப்பட்ட வேலைக் குறைபாடு, பணியாளர் ஒருவரின் எழுத்து மூலமான வாக்குமூலத்தால் உறுதியாகியுள்ளது. எனவே இப்பிரிவு வேலைக் குறைபாட்டால் மூடப்பட்டதாகக் கொள்ளப்படும். இப்பிரிவின் ஊழியர்களுக்கு மாற்று வேலை பொருந்தாது. தவறைத் தானே சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை என்ற விதியின்படி, மேற்படி பணியாளருக்கு மட்டும் கண்காட்சிப் பிரிவில் மாற்று வேலை வழங்கப்படுகிறது.’

கீழே அவளுடைய பணியாளர் எண்.

மூன்று முறை படித்தாள். எழுத்து புரிந்தது, அர்த்தம் உள்ளே போக மறுத்தது.

“நீயா?” என்றாள் மிஷின்காரி. திட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பிறகு மெதுவாக, “என் பையனோட காலேஜ் இந்த ஊர்ல இருக்குக்கா” என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் தேவலை.

வெண்கலம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இருமினது நான்தானே தங்கச்சி” என்றார்.

“உங்க பேர் வரக்கூடாதுன்னுதான் அண்ணே எழுதலை.”

“தெரியுது.” பலகையில் விதியைச் சொன்ன வரியை விரலால் தொட்டார். “எழுதியிருந்தா நானும் வந்து ஒத்துக்கிட்டிருப்பேன், எனக்கும் வேலை கிடைச்சிருக்கும்.”

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். அவள் தன் மேசைப் பக்கம் போனாள். நாற்பத்தொரு மடிப்போடு நின்ற துணி அன்று விட்டபடியே மேசையில் கிடந்தது.

நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். சூப்பர்வைசர் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அட்டைப் பெட்டியில் ஒரு டம்ளர், ஒரு காலண்டர், இரண்டு பேனா.

“சார், நான் சொன்னது தப்பைச் சரிபண்றதுக்கு. மூடறதுக்கு இல்ல.”

“உட்காருங்கம்மா.”

“உட்கார வேண்டாம். என் தப்புக்கு அவங்க எல்லாரும் ஏன் சார்?”

அவர் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். “தப்பே இல்லைம்மா” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“அந்த ஒன்றரை செகண்ட் தாமதத்தை இறங்கின மறுவாரமே ஆராய்ஞ்சு முடிச்சாச்சு. பாராசூட் படக்குன்னு விரியாம இருக்க வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும்ல? அதை அறுக்கிற பிளேடு கொஞ்சம் லேட். அது வெளியிலேர்ந்து வாங்கறது, நம்ம வேலையே இல்ல. அதுவும் அனுமதிச்ச அளவுக்குள்ளதான். மேல விரிஞ்சதைக் கேமராவில ஒவ்வொரு பட்டையா எண்ணினாங்க. எண்பது மடிப்பும் ஒழுங்கா இருந்துச்சு. அன்னிக்கு நீங்க சொன்ன அம்பத்திரண்டு, அம்பத்திரண்டுதான்.”

“அதை ஏன் சார் எங்ககிட்ட யாரும் சொல்லலை?”

“தப்பு இருந்தா வந்து சொல்லுவாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு யாரும்மா வந்து சொல்றாங்க?”

அவள் கையைப் பார்த்தாள். இந்தக் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. எட்டு மாதமாக அவள்தான் அதை நம்பவில்லை.

“அப்போ திட்டத்தை எதுக்கு சார் நிறுத்தினாங்க?”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு, இனிமேல் யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். “முடிவெடுத்த கூட்டத்துல நானும் இருந்தேன். விவரம் கேட்டா சொல்ல, பின் வரிசையில. பேச வேண்டிய விஷயம் மொத்தம் பதினொண்ணு. நம்மது எட்டாவது. சாப்பாட்டு நேரம் நெருங்கிடுச்சு. ஒருத்தர் கேட்டார், ‘ஏழு பேர் போனாங்க, ஏழு பேரும் நல்லபடியா வந்துட்டாங்க. நம்மாலயும் முடியும்னு காட்டியாச்சு. இனிமே எதுக்கு?’ன்னு. யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒன்பதாவதுக்குப் போயிட்டாங்க.”

“வேற எதுவும் பேசலையா?”

“இல்ல.”

“ஏதாவது ஒரு தப்பு இருந்திருக்கணுமே சார்.”

“இருந்திருந்தா அதைச் சரிபண்றதுக்காகவாவது இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்மா” என்றார் சூப்பர்வைசர். டம்ளரை எடுத்துத் துணியில் சுற்றினார். அவருக்கும் மாற்று வேலை இல்லை.

அவள் கடிதம் எழுதினாள். தன் வாக்குமூலம் தவறு, எண்ணிக்கை சரியாக இருந்தது என்று கேமரா ஆய்விலேயே இருக்கிறது, எனக்கு இந்த வேலை வேண்டாம், மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். இரண்டாவதற்கு வந்த பதிலில், அவள் குறிப்பிட்ட தேதிக்குள் கண்காட்சிப் பிரிவில் சேராவிட்டால் அந்த இடமும் ரத்தாகும் என்று இருந்தது.

“போய்ச் சேரு” என்றார் கணவர். இந்த முறை அவர் கேலி எதுவும் பேசவில்லை. “உள்ள இருந்தாத்தான் யாரையாவது பிடிச்சுக் கேட்க முடியும். வெளியில நின்னா வாட்ச்மேன் மட்டும்தான் கிடைப்பான்.”

அது நியாயமாகப் பட்டது. போய்ச் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து வெற்றி விழா அறிவித்தார்கள். மூன்று பயணமும் வெற்றியாக முடிந்ததைக் கொண்டாட, பெரிய அரங்கில் விண்கலத்தை வைத்து, அதன் மேல் கூரையிலிருந்து ஒரு பாராசூட்டை விரித்துத் தொங்கவிட வேண்டும். கண்காட்சிப் பிரிவில் அதைக் கையாளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒற்றை ஆளாக முடியாது, துணிக்குப் பழகிய இன்னொரு கை வேண்டும் என்றாள். தினக்கூலிக்கு யாரையாவது கூட்டி வரச் சொன்னார்கள்.

வெண்கலம் வந்தார். கழுத்தில் ‘வெளியாள்’ என்று எழுதிய அட்டை தொங்கியது.

“நம்ம ஆளுங்க எல்லாரும் எப்படி அண்ணே?” என்று கேட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“மிஷின்காரி பை தைக்கிற கம்பெனியில சேர்ந்திருக்கா. நாளைக்கு முன்னூறு பையாம். எண்ணி வாங்கிக்கறாங்களாம்.” ஏணியை இழுத்துச் சரிபார்த்தார். “எனக்கு யாரும் இன்னும் குரலுக்கு வேலை குடுக்கலை.”

இரண்டு பேரும் பெட்டியைத் திறந்தார்கள். துணியின் ஓரத்தில் இருந்த முத்திரை எண்ணைப் அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் பயணம், இரண்டாம் பாராசூட். வெண்கலமும் பார்த்துவிட்டார். இருவரும் அதை விரித்தார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஏணியில் ஏறி இறங்கி, கயிறு கயிறாகக் கட்டி, அந்த ராட்சசத் துணியைக் கூரையில் விரித்து நிறுத்தினார்கள். வெள்ளையும் ஆரஞ்சும் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. அழகாகத்தான் இருந்தது.

கீழே ஒருவன் விளக்கப் பலகையை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் ஏணியிலிருந்து இறங்கிப் படித்தாள்.

‘மூன்றாம் பயணத்தில் வீரர்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய பாராசூட். நமது தொழிலாளர்களின் கைவேலை. குறை ஏதும் பதிவாகவில்லை.’

“இதை யார் எழுதினது?” என்றாள்.

“தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்ததுக்கா. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னு உத்தரவு” என்றான் அவன்.

அந்த நேரத்தில்தான் விசாரணை அதிகாரி அரங்கத்துக்குள் வந்தார். விழா ஏற்பாட்டைப் பார்வையிட அவரைத்தான் போட்டிருந்தார்கள். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். வெண்கலம் ஏணியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்னம்மா? நல்லா இருக்கீங்களா? வேலை பிடிச்சிருக்கா?”

“இதைப் படிங்க சார்.” பலகையைக் காட்டினாள். “நான் எழுதிக் குடுத்தது இந்தப் பாராசூட்டைப் பத்தித்தான். இதே நம்பர். இதுல குறையே இல்லைன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. குறையே இல்லைன்னா அந்த அறுபத்தோரு பேருக்கும் வேலை குடுக்கணும்ல சார்?”

அவர் பலகையைப் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரைக்கும். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நீங்க அன்னிக்கு எழுதிக் குடுத்தது பொய்யாம்மா?”

“பொய் இல்ல சார். எனக்குத் தெரிஞ்சதை எழுதினேன்.”

“அப்போ அதுல நான் எதை மாத்தறது?”

“இதுல இருக்கறதை அதுல எழுதுங்க சார். அவ்வளவுதான் கேக்கறேன்.”

“இது விழாவுக்கு எழுதினதும்மா” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல். “அது ஃபைலுக்கு எழுதினது.”

அவர் இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பூங்கொத்துகளோடு இரண்டு பேர் உள்ளே ஓடி வந்தார்கள்.

“அந்த ஓரம் கொஞ்சம் தொங்குற மாதிரி இருக்கே” என்றார். “அவங்க வர்றதுக்குள்ள சரிபண்ணிடுங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொங்கத்தான் செய்தது. வலப்பக்கம், வாசலிலிருந்து மூன்றாவது கயிறு, இரண்டு விரற்கடை அளவு. வெண்கலமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏணியை அந்தப் பக்கம் நகர்த்தி, காலால் அழுத்தி, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மடிப்பக்கா ஏறினாள். கயிற்றை இழுத்துக் கட்டி, துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.